ஜி.பி.க்குத் தெரியாத மாத்திரை

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீளமான கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கணவரின் வேலை விசாவில் குடும்பமாக வந்து நாலரை ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதிலேயே மகன் பிறந்தான். அந்தக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு எடுத்த டெஸ்டில் நார்மல் என்று வந்தது. அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை ரத்தம் கொடுக்க வரச்சொல்லி ஜி.பி.யிடமிருந்து, அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடமிருந்து, குறுஞ்செய்தி வரும், "நல்லாத்தானே இருக்கோம்" என்று இவர் போகவில்லை. போன ஆண்டு ஊருக்குப் போன இடத்தில் மாஸ்டர் செக்கப் செய்ததில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.4 சதவீதம். அங்கே இருந்த டாக்டர் கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரையும், கொழுப்புக்கு அடோர்வாஸ்டேட்டினும் எழுதிக் கொடுத்தார். ஓராண்டுக்கு வேண்டிய அட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார்.

இங்குள்ள ஜி.பி.க்கு இது எதுவுமே தெரியாது. சொல்லாததற்கு நான்கு காரணங்கள் எழுதியிருக்கிறார். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரம் நெருங்குகிறது, நோய் பதிவானால் அதில் கைவைப்பார்களோ என்ற பயம். மருந்துக்குக் காசு கேட்பார்கள். டிரைவிங் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். "சொன்னாலும் பத்து நிமிஷத்தில் பாராசிட்டமால் சாப்பிடச் சொல்லி அனுப்புவார்கள்."

வாரத்தில் நான்கு இரவு வேர்ஹவுஸ் வேலை. ஒரு நாள் நள்ளிரவு 2 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சாக்லேட் பிஸ்கட் சாப்பிட்ட பிறகு சரியானது. இன்னொரு நாள் கிருத்திகை விரதம்: கண் இருட்டிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தவருக்குக் கூட வேலை செய்யும் பெண்தான் ஜூஸைக் குடிக்க வைத்திருக்கிறார். விடிந்ததும் தானே கார் ஓட்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளவும் ஆசை. அடுத்த மாதம் மாமியார் வருகிறார், அவருக்குச் சர்க்கரை விஷயம் தெரியக் கூடாது. ஊர் மாத்திரையையே தொடரலாமா என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் விசா முதல் பக்கத்தில் இருக்கிறது, மயக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இரண்டு இரவுகள்

நீங்கள் "வீக்னஸ்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் லோ சுகர்தான். மெட்ஃபார்மினைத் தனியாக எடுத்தால் சர்க்கரை அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். கூட இருக்கும் கிளைமிபிரைடு வேறு ரகம். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா, டிராலி தள்ளுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்றெல்லாம் அதற்குக் கணக்கில்லை, ஒரு தடவை போட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அதன் வேலை நீடிக்கும். ஊரில் அந்த டாக்டர் பார்த்தது விடுமுறைக்கு வந்த ஒரு பெண்ணை. மூன்று வேளையும் அம்மா கையால் சாப்பாடு, மதியம் ஒரு தூக்கம். அந்த வாழ்க்கைக்கு அவர் எழுதியது சரியாகவே இருந்திருக்கலாம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் நடந்து, பகலில் அரைகுறையாகத் தூங்கி, மாதம் ஒருமுறை விரதமும் இருக்கும் பெண் அவர் கண்ணில் படவே இல்லை.

அதனால் இன்றிலிருந்து, ஜி.பி.யிடம் பேசும் வரைக்கும், விரதம் வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரையைப் போடவும் கூடாது. "அப்படியானால் நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்பீர்கள். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால் ஒன்றை மட்டும் எடுத்துவிட வழியில்லை, மொத்தமாக நிறுத்தினால் சர்க்கரை மறுபடி ஏறும். கடிதத்தைப் படித்துவிட்டு அளவை மாற்றிச் சொல்வது என் வேலையும் இல்லை. நாளைக் காலையில் ஜி.பி.க்கு போன் செய்து, அன்றைக்கே யாராவது உங்களோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். என்ன சொல்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். இடையில் மறுபடி நடுக்கம் வந்து சரியானால், நேரம் எதுவானாலும் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். ஆள் நினைவிழந்தால் பக்கத்தில் இருப்பவர் ஆம்புலன்ஸுக்கு 999 அழைக்க வேண்டும், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்தத் தோழிக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சாக்லேட் பற்றி ஒரு வார்த்தை. அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவசரத்துக்கு அது உதவாது. ஒரு சின்ன டம்ளர் பழச்சாறு, அதாவது 150 முதல் 200 மில்லி, அல்லது பார்மசியில் கிடைக்கும் குளுக்கோஸ் மாத்திரை நான்கைந்து. பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் திரும்ப ஒருமுறை. தெளிந்த பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடலாம். வேலைக்குப் போடும் ஜாக்கெட் பையிலேயே அந்த மாத்திரை இருக்கட்டும், லாக்கரில் வைத்தால் பிரயோஜனமில்லை.

இங்கே எண்கள் வேறு மாதிரி இருப்பதும் உங்களைக் குழப்பும். ஊரில் 126, 180 என்று சொல்வதை இங்கே 7, 10 என்பார்கள், இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். 4-க்குக் கீழே போனால் லோ சுகர், அதாவது நம் கணக்கில் 72. மூன்று மாதச் சராசரிக்கும் அளவு வேறு: உங்கள் 8.4 சதவீதம் இங்கே 68 என்று எழுதப்படும். 68 என்றதும் பயந்துவிடாதீர்கள், அதேதான் இது.

விசா, காசு, லைசென்ஸ்

விசாவை முதலில் முடித்துவிடுவோம், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. சர்க்கரை நோய் இருப்பதால் இங்கிலாந்தில் விசாவையோ நிரந்தர வசிப்புரிமையையோ மறுக்கும் விதி கிடையாது. இந்தியாவிலிருந்து வரும்போது உங்களிடம் கேட்டது காசநோய் சான்றிதழ் ஒன்றுதான், ஞாபகமிருக்கிறதா? சர்க்கரை பற்றி அப்போதும் கேட்கவில்லை, இனி நிரப்பப்போகும் விண்ணப்பத்திலும் கேட்க மாட்டார்கள். வேறு சில நாடுகளில், ஆஸ்திரேலியாவில் எடுத்துக்கொண்டால், விசாவுக்கே மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொன்னது வாட்ஸப் வழியாக இங்கே வந்து சேர்ந்து எல்லோரையும் கலவரப்படுத்துகிறது.

புரளிக்கு இன்னொரு வேரும் உண்டு. என்ஹெச்எஸ், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையின், மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பணம் 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால், அந்தக் கடனைக் காட்டி விசாவை மறுக்க முடியும். இது உண்மை. ஆனால் உங்களுக்கு அப்படிப் பாக்கி வர வழியே இல்லை, ஏனென்றால் விசா எடுக்கும்போதே என்ஹெச்எஸ் வைத்தியத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் என்ற கட்டணத்தைக் கட்டியாகிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. உங்கள் கணவர் சம்பளத்தில் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் வேறு பிடிக்கிறார்கள். முன்பே வந்த நோய் என்று கழிக்கவும் இங்கே முடியாது, அது தனியார் காப்பீட்டுக்காரர்கள் பேசும் பேச்சு. நீங்கள் முன்கூட்டியே காசு கட்டி வாங்கிய ஒன்றை எட்டு மாதமாகத் தொடாமல் வைத்துவிட்டு, ஊரிலிருந்து மாத்திரைக்குத் தனியாகச் செலவு செய்கிறீர்கள்.

மருந்துக் காசு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பிரிஸ்கிரிப்ஷனுக்குக் காசே இல்லை. இங்கிலாந்தில் மட்டும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சர்சார்ஜ் கட்டியவர்களும் இதைக் கட்ட வேண்டும் என்பது சரிதான். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு இதிலிருந்து முழு விலக்கு உண்டு, அதுவும் சர்க்கரை மருந்துக்கு மட்டும் என்றில்லை, சளிக்கு எழுதும் ஆன்டிபயாடிக் வரை எல்லாவற்றுக்கும். ஜி.பி. அலுவலகத்தில் எஃப்பி92ஏ என்ற படிவம் கேளுங்கள், நிரப்பி அவர்கள் கையெழுத்தோடு அனுப்பினால் ஐந்து ஆண்டுக்குச் சான்றிதழ் வரும். தானாக வராது. கேட்டால்தான் உண்டு. சான்றிதழ் கைக்கு வரும் முன்பே பார்மசியில் "எனக்கு விலக்கு" என்று டிக் அடித்துவிடாதீர்கள், பின்னால் சரிபார்த்து 100 பவுண்டு வரை அபராதம் போடுவார்கள். அதுவரை காசைக் கட்டுங்கள், கட்டும்போதே எஃப்பி57 ரசீது கேட்டு வாங்குங்கள். மறுநாள் போய்க் கேட்டால் அந்த ரசீது கிடைக்காது, அது இல்லாமல் பணமும் திரும்பாது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் இந்த விலக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் பயம் பாதி சரி. கார் மட்டும் ஓட்டுபவர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார் என்பதற்காக லைசென்ஸ் தரும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் என்றால் சொல்ல வேண்டும், பஸ்ஸோ லாரியோ ஓட்டுபவர் மாத்திரைக்கே சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் கவனிப்பது கடுமையான லோ சுகரைத்தான். கடுமை என்றால், தானே சமாளிக்க முடியாமல் அடுத்தவர் உதவி தேவைப்பட்டது என்று பொருள். முதல் இரவு அந்தக் கணக்கில் வராது. கிருத்திகை இரவு வரும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் விழித்திருக்கும்போது இப்படி இன்னொன்று நடந்தால், அல்லது வண்டி ஓட்டும்போது ஒன்று நடந்துவிட்டால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். அந்தக் காலை நேரத்தில் நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு போனதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மருந்து மாறும் வரை ஷிப்ட் முடிந்து வரும்போது உங்கள் கணவர் வந்து அழைத்துப் போகட்டும். அல்லது அந்தத் தோழியோடு வாருங்கள். வண்டி எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்க்க ஸ்ட்ரிப் வேண்டும், உங்களைப் போல் கிளைமிபிரைடு வகை மாத்திரை எடுத்துக்கொண்டு வண்டியும் ஓட்டுபவர்களுக்கு அதை ஜி.பி.யே எழுதித் தருவார். சர்க்கரை அளவைத் தானாகக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் என்ஹெச்எஸ்ஸில் கிடைக்காது, அது முக்கியமாக டைப் 1, அதாவது உடலில் இன்சுலினே சுரக்காத வகை, காரர்களுக்கும் நாளுக்குப் பல தடவை இன்சுலின் போடுபவர்களில் சிலருக்கும்தான்.

இங்கே வைத்தியம் நடக்கும் விதம்

நம் ஊரில் சர்க்கரை என்றதும் நேராகச் சுகர் டாக்டரிடம் போவோம், அவர் முகத்தைப் பார்ப்பார், ஃபைலைப் புரட்டுவார், நான்கு வார்த்தை திட்டுவார், வெளியே வரும்போது வைத்தியம் நடந்த திருப்தி இருக்கும். இங்கே உங்களுக்கு வந்திருக்கும் டைப் 2 சர்க்கரையைப் பெரும்பாலும் ஜி.பி. அலுவலகமே பார்க்கிறது, அதிலும் உங்களை அதிகம் பார்க்கப்போவது டாக்டர் இல்லை, நர்ஸ். அவரைக் குறைவாக நினைக்காதீர்கள். நாள் முழுக்கச் சர்க்கரைக்காரர்களையே பார்க்கும் ஒரு நர்ஸுக்கு, கால் விரல் இடுக்கைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவை பல இளம் டாக்டர்களுக்குத் தெரியாது. (இங்கே ஜி.பி. அலுவலகத்துக்கே சர்ஜரி என்றுதான் பெயர். நாங்கள் வந்த புதிதில் "சர்ஜரிக்கு வரவும்" என்று கடிதம் வந்ததைப் பார்த்து என் வீட்டில் ஒருநாள் முழுக்க அடுப்பு எரியவில்லை.)

இந்த அமைப்பு நகர்வது உங்கள் மெடிக்கல் ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டுதான். அதில் "டயபடீஸ்" என்று ஏறிவிட்டால் மீதி எல்லாம் வரிசையாகக் கிளம்பும்: ஆண்டுதோறும் மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகத்துக்கு ரத்தமும் சிறுநீரும், கால் பரிசோதனை, இலவச ஃப்ளூ ஊசி. கண் பரிசோதனைக்குத் தனியாக அழைப்பு வரும். அது கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இல்லை, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் எடுப்பது, அன்று சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது. ரெக்கார்டில் ஏறவில்லை என்றால் இதில் ஒன்றுகூட வராது. இந்த நாட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு இன்றைக்குச் சர்க்கரையே இல்லை. எட்டு மாதமாக உங்கள் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் யாரும் பார்க்காததற்கு அவர்கள் அலட்சியம் காரணமில்லை.

ஊர் மாத்திரையைத் தொடரலாமா என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. மாத்திரை போலியா, தரமா என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் கவலை வேறு. நாளைக்கு வேறு எதற்கோ ரத்தம் எடுக்கிறார்கள், மூன்று மாதச் சராசரி 50 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் இறங்கிய எண் அது என்று ஜி.பி.க்குத் தெரியாது. "இப்போதுதான் லேசாக ஆரம்பிக்கிறது" என்று மெட்ஃபார்மின் எழுதுவார், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மெட்ஃபார்மினோடு அதுவும் சேரும். என்னிடம் ஒருவர் வந்தார், ஊரிலிருந்து கிளைமிபிரைடு, இங்கே எழுதிய கிளிக்லசைடு, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். "இது ஊர் மாத்திரைதானே டாக்டர், இதை எதுக்குச் சொல்லணும்?" என்றார். நல்ல மனிதர். மூன்று தடவை ஆம்புலன்ஸ் வந்திருந்தது.

பத்து நிமிடம் என்ற குறை நியாயமான குறைதான், மறுக்க மாட்டேன். காலை 8 மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு பதினைந்தாவது ஆளாகக் காத்திருக்கும் எரிச்சலும் எனக்குத் தெரியும், நானும் இங்கே நோயாளிதான். ஆனால் உங்கள் வயதுக்கு ஒரு வசதி உண்டு. 40 வயதுக்குள் டைப் 2 வந்தவர்களைக் கூடுதலாகக் கவனிக்க டி2டே என்ற திட்டத்தை இங்கிலாந்தில் 2023-ல் அறிவித்தார்கள், இளம் வயதில் வரும் சர்க்கரை வேகமாகச் சேதம் செய்யும் என்பதால். "எனக்கு 36, இதில் என்னைச் சேர்க்க முடியுமா?" என்று நர்ஸிடம் கேளுங்கள்.

இரண்டாவது குழந்தை

பெற்றுக்கொள்ளலாம். சர்க்கரை இருப்பது அதற்குத் தடையில்லை. ஆனால் இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு, இந்த மாதமே முயற்சி செய்வது வேண்டாம்.

குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாவது முதல் சில வாரங்களில், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று தெரியும் முன்பே. அந்த நேரத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் குறைபாடும் கருச்சிதைவும் வர வாய்ப்பு கூடும். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே மூன்று மாதச் சராசரியை, லோ சுகர் வராமல் முடியும் என்றால், 48-க்குக் கீழே, அதாவது 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறோம். 86-க்கு மேலே, அதாவது 10 சதவீதத்துக்கு மேலே இருந்தால் இறங்கும் வரை கர்ப்பம் வேண்டவே வேண்டாம் என்போம். நீங்கள் ஆரம்பித்ததே 68-ல்தான், எட்டக்கூடிய தூரம்தான்.

அந்த அடோர்வாஸ்டேட்டினைக் கருத்தரிக்கும் முன் நிறுத்த வேண்டும். கிளைமிபிரைடையும் மாற்ற வேண்டும். மெட்ஃபார்மின் தொடரலாம், தேவைப்பட்டால் இன்சுலின் சேர்ப்பார்கள், இன்சுலின் என்றால் "முத்திப்போச்சு" என்று அர்த்தமில்லை, கர்ப்பத்தில் அது வழக்கமான மருந்து. ஃபோலிக் ஆசிட் கடையில் கிடைக்கும் 400 மைக்ரோகிராம் உங்களுக்குப் போதாது, 5 மில்லிகிராம் வேண்டும், அது பிரிஸ்கிரிப்ஷனில்தான் வரும், முயற்சி செய்யத் தொடங்கும்போதே ஆரம்பித்துப் பன்னிரண்டு வாரம் வரை. கண் படமும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் விழித்திரையில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் கர்ப்பத்தில் அது வேகமாக மோசமாகலாம். இவையெல்லாம் சரியாகும் வரை கருத்தடை. அப்புறம், டெஸ்டில் இரண்டு கோடு வந்த அன்றே போன் செய்யுங்கள், ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரைக்கும் பிரசவத்துக்கும் சேர்த்தே நடக்கும் மருத்துவமனை கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் எழுதிய உயரம் 158 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு 27. என்ஹெச்எஸ்ஸில் டைப் 2 சர்க்கரையைப் பின்வாங்க வைக்க ஓராண்டுத் திட்டம் ஒன்று இலவசமாக நடக்கிறது. முதல் பன்னிரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பதில் சூப்பும் ஷேக்கும், நாளுக்கு 800 முதல் 900 கலோரிதான், பிறகு மெதுவாகச் சாப்பாட்டுக்குத் திரும்புவது. கண்டுபிடித்து ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், பி.எம்.ஐ. வெள்ளையர்களுக்கு 27, நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25-லிருந்தே சேர்க்கிறார்கள். இதற்கு அடிப்படையாக இருந்த டைரக்ட் ஆய்வில் ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இறங்கியது. ஆனால் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது இதில் சேர முடியாது. சேரும் அன்றே சில மாத்திரைகளை நிறுத்துவார்கள் என்பதால் நீங்களாக வீட்டில் இதைச் செய்து பார்க்கவும் கூடாது.

ஆக, முதலில் இந்த ஓராண்டா, முதலில் குழந்தையா? 30 வயது என்றால் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன். 36-க்கு ஓராண்டு கொஞ்சம் கனமான விலைதான். என்னைக் கேட்டால், இப்போதைய எண் என்ன என்று முதலில் பாருங்கள்: 55-க்கு மேலே இருந்தால் எடைக் குறைப்பை முதலில் எடுத்துக்கொள்வது லாபம், 48-ஐ ஒட்டி இருந்தால் மருந்தை மாற்றிவிட்டு, ஓரிரு மாதத்தில் லோ சுகர் நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு முயற்சியைத் தொடங்கலாம். இது என் கணக்கு, விதி இல்லை. இரவு ஷிப்டையும் இந்த யோசனையில் சேருங்கள். சர்க்கரை நோயைச் சமத்துவச் சட்டம் 2010-ன் கீழ் ஊனமாகக் கருத இடமிருக்கிறது, அப்படி என்றால் நேரத்துக்குச் சாப்பிட இடைவேளையோ, பகல் ஷிப்ட் மாற்றமோ கேட்பது உங்கள் உரிமை. மேலாளரிடம் வாயால் கேட்காமல் வேலை இடத்தின் ஊழியர் உடல்நலப் பிரிவான ஆக்குபேஷனல் ஹெல்த் வழியாக எழுத்தில் கேளுங்கள்.

போனில் என்ன சொல்வது

ரிசெப்ஷனில் "டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைக்கும். இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு இந்தியாவில் டைப் 2 சர்க்கரை என்று சொன்னார்கள், மூன்று மாதச் சராசரி 68. எட்டு மாதமாகக் கிளைமிபிரைடு சாப்பிடுகிறேன். இரண்டு தடவை லோ சுகர் வந்தது, ஒரு தடவை வேறொருவர் உதவ வேண்டியிருந்தது. கார் ஓட்டுகிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறேன். இன்றைக்கே யாராவது பேச வேண்டும்." ஆங்கிலத்தில் தடுமாறும் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது. போன் கிடைக்கவில்லை என்றால் இதையே ஆன்லைன் படிவத்தில் எழுதுங்கள். திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள், இங்கே திட்டுவது வழக்கமில்லை, சில சமயம் கொஞ்சம் திட்டினால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றும்.

போகும்போது ஊர் லேப் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே பிராண்ட் பெயர் யாருக்கும் புரியாது, அட்டையின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரும் மில்லிகிராமும்தான் வேண்டும். சித்தா கஷாயம், வெந்தயப் பொடி ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

மாமியார் விஷயம். உங்கள் அனுமதி இல்லாமல் ஜி.பி. அலுவலகம் உங்கள் கணவரிடம்கூட எதுவும் சொல்லாது, மாமியார் போனை எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் கண் பரிசோதனைக் கடிதம் வீட்டுத் தபாலில் வரும், உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என்ஹெச்எஸ் ஆப்பை உங்கள் போனில் போட்டுக்கொண்டு, முடிந்த தகவல்களை அதில் அனுப்பச் சொல்லுங்கள், ரத்த முடிவுகளும் மறு பிரிஸ்கிரிப்ஷனும் அதிலேயே பார்க்கலாம். அவர் இருக்கும் மாதத்தில் வரும் கிருத்திகைக்கு ஏன் விரதம் இல்லை என்று கேட்டால், நைட் ஷிப்டில் ஒருநாள் மயக்கம் வந்தது, டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.